பாட்டியின் விரலிலிருந்து ஆய்வுக்கூடம் வரை: தொடக்கக் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி மேசையின் இழுப்பறையில் ஓர் ஆக்சிமீட்டர் இருக்கிறது. விரலில் மாட்டினால், ஒளியை உள்ளே அனுப்பி இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவி. 2021இல், கோவிட் காலத்தில், சிங்கப்பூரின் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்ததில் வந்தது. பாட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. காய்ச்சல், இருமல் இல்லாத நாளிலும் மாட்டிப் பார்ப்பார். ஒரு சாயங்காலம் தன் விரலிலும் என் விரலிலும் மாற்றி மாற்றி மாட்டிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நம்ம விரலு கறுப்பு. இந்த வெளிச்சம் உள்ள போயி சரியாத்தான் பாத்துட்டு வருதா?"

அப்போது எனக்கு 14 வயது. பதில் தெரியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) சேர்ந்தபின், அந்தக் கேள்வியே என் ஆய்வாயிற்று. இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. பழைய கல்லூரியின் தம்பி தங்கைகள் அவ்வப்போது "எப்படிக்கா ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: கேள்வியைச் சின்னதாக்குங்கள். கையிலிருக்கும் கருவியை வைத்து, கையிலிருக்கும் வாரங்களுக்குள் பதில் தேடக்கூடிய அளவுக்குச் சின்னதாக.

உள்ளே போக வழி

பெரும்பாலோருக்குக் கதவு பள்ளி மூலமாகத்தான் திறக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கும் அறிவியல் ஆய்வுத் திட்டம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நன்யாங் ஆய்வுத் திட்டம், தற்காப்புத் துறைப் பக்கம் ஆர்வமிருந்தால் இளம் தற்காப்பு அறிவியலாளர் திட்டம் என்று பல இருக்கின்றன. முதலாண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். சுற்றறிக்கை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நல்ல தலைப்புகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முடிவு வரையிலான ஆண்டிறுதி விடுமுறைதான் முழு நாள் ஆய்வுக்கூடத்தில் இருக்கக் கிடைக்கும் மிக நீண்ட காலம். அந்த வாரங்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திட்டம் எதிலும் இடம் கிடைக்காதவர்கள் நேரடியாக ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதலாம். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஒன்பது பேருக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை. பத்தாவது கடிதத்துக்கு முன்னால் அந்த ஆய்வாளரின் கட்டுரைகள் இரண்டை உட்கார்ந்து படித்தேன். ஒரு வரைபடத்தில் எனக்குப் புரியாத ஓரிடத்தைக் குறிப்பிட்டு, "இந்தக் கோடு இங்கே ஏன் கீழே இறங்குகிறது?" என்று கேட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. ஆகவே கடிதத்தில் ஐந்தாறு வரி போதும். நீங்கள் யார், அவர்கள் வேலையில் எதைப் படித்தீர்கள், எது புரியவில்லை, வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும், எந்த மாதம் வரை. மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் அனுப்பிக்கொள்ளலாம்.

பெரிய கனவை என்ன செய்வது

முதல் சந்திப்புக்கு நான் ஒரு கனவோடு போனேன். பாட்டிக்கு நீரிழிவு. காலையில் விரலைக் குத்திக் குத்தி நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. குத்தாமல் சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம் செய்யப்போகிறேன் என்றேன். பேராசிரியர் சிரிக்கவில்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. பல பத்தாண்டுகளாகப் பெரிய குழுக்கள் முயன்றுவரும் வேலை அது என்று சொல்லி, காரணத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். தோலுக்குள் போகும் ஒளியில் சர்க்கரை விட்டுச்செல்லும் தடம் மிகச் சிறியது. தண்ணீரின் தடம் அதை மூடிவிடும். வியர்வை, தோலின் சூடு, கருவி அழுந்தும் விதம் என்று ஒவ்வொன்றும் அதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே, தோலைக் குத்தாமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று மக்களை எச்சரித்திருந்தது.

வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றிரவு பாட்டியின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. வெளிச்சம் கறுப்புத் தோலுக்குள் போய்ச் சரியாகப் பார்த்துவிட்டு வருகிறதா?

படிக்கப் படிக்க, அந்தக் கேள்வியை உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. துடிப்பை வைத்து ஆக்சிஜனை அளக்கும் வழியை ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் வெளியிட்டார். 660 நானோமீட்டர் அலைநீள அளவில் சிவப்பு ஒளி, 940 அளவில் அகச்சிவப்பு ஒளி என்று இரண்டை விரலுக்குள் அனுப்புகிறார்கள். எலும்பும் சதையும் தோலும் விழுங்கும் ஒளி மாறாமல் இருக்கும். தமனியில் இரத்தம் துடிக்கும்போது மட்டும் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் வரும். அந்த ஏற்ற இறக்கத்தை மாறாத ஒளியால் வகுத்துவிட்டால் தோலின் கறுப்பு கணக்கில் அடிபட்டுப்போக வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டியபோது உண்மையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு.

அடிபட்டுப்போக வேண்டியது ஏன் அடிபடவில்லை? இதுவும் எனக்குப் பெரிய கேள்விதான். இன்னும் மூன்று முறை வெட்டினேன். ஆக்சிஜன் வேண்டாம், துடிப்பு மட்டும். நோயாளி வேண்டாம், ஒரே ஒரு விரல் மாதிரி. எல்லாக் காரணமும் வேண்டாம், மேல் அடுக்கின் கருமை மட்டும். கடைசியில் நின்றது இது: மேல் அடுக்கு கருக்கக் கருக்க, பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளில் துடிப்புக்கும் மாறாத ஒளிக்கும் உள்ள விகிதம் மாறுகிறதா? உங்கள் கேள்வியையும் இப்படி ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எதை மாற்றுவீர்கள், எதை அளப்பீர்கள் என்ற இரண்டும் அந்த வரியில் இல்லையென்றால் இன்னும் வெட்ட வேண்டும்.

வெட்டிய கேள்வியை வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலக் கலைச்சொல் தெரிந்தால் பொருளும் தெரிந்ததாக நமக்கே ஒரு மயக்கம் இருக்கும். பாட்டியிடம் சொல்லும்போது அது கலைந்துவிடும். "துடிப்பு"க்கும் "வெளிச்ச அளவு"க்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் நான் திணறிய இடம்தான், பிறகு என் ஆய்வை மதிப்பிட்ட நடுவர்களும் என்னை நிறுத்திய இடம்.

மனித விரலைத் தொடுமுன்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒப்புதல் வாங்காமல் எந்த மனிதரிடமிருந்தும் தரவு எடுக்கக் கூடாது. சொந்தப் பாட்டியிடமிருந்தும் கூடாது. எனக்கு இது தெரியாது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று 11 பேரின் விரலைப் பதிவு செய்து, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தினமும் வேலை சொல்லிக்கொடுத்தவர் மதுரையிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. "இதைப் பாத்துட்டா அப்புறம் நம்ம மனசு இதையே தேடும். பாக்காமலே ஒதுக்கிடுவோம்மா" என்றார்.

ஒரு வார உழைப்பு போயிற்று. ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. உடல்நலத் தகவல் ஒருவருடைய சொந்தச் சொத்து. சிங்கப்பூரில் 2015இலேயே மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தரவேண்டும், அதற்கு நாளாகும். பள்ளி மாணவர்களின் அறிவியல் கண்காட்சிகளும் முன் ஒப்புதல் இல்லாத மனிதத் தரவை ஏற்பதில்லை. உங்களுக்கு இருப்பதோ சில மாதம். ஆகவே முதல் சந்திப்பிலேயே, மனிதர், விலங்கு, இரத்தம், திசு எதுவும் இல்லாமல் இதே கேள்வியைக் கேட்க வழி உண்டா என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஒரு வழி இருக்கும். எனக்கு அந்த வழி அகார் அகாராக, கடற்பாசிக் கூழாக, வந்தது.

அகார் அகாரில் ஒரு விரல்

ஒளி ஆய்வுக்குத் தோல் மாதிரி செய்வது பழைய முறை. ஒளியைச் சிதறடிக்க ஒரு பொருள், விழுங்க ஒரு பொருள், இரண்டையும் பிடித்து வைக்க ஒரு கூழ். பலர் ஜெலட்டின் எடுப்பார்கள். நான் வீட்டில் செய்து பார்த்தபோது, மதிய வெயில் நேரத்தில் மேசைமேலேயே அது தளர்ந்து வழியத் தொடங்கியது. ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும். அகார் இறுகியபின் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்கு அதுதான் சரி.

100 மில்லிலிட்டர் தண்ணீரில் 2 கிராம் அகார் தூள். தெளியும்வரை கொதிக்கவிட்டு, 50 டிகிரி அளவுக்கு ஆறியதும் 10 மில்லிலிட்டர் பால் சேர்த்தேன். பாலிலுள்ள கொழுப்புத் துளிகள்தான் ஒளியைச் சிதறடிக்கும். மிகவும் ஆறவிட்டால் ஊற்றும்போதே கட்டிக்கட்டியாகிவிடும். அடி அடுக்குக்குள் ஒரு சிலிக்கோன் குழாய், அதற்குள் மை கலந்த நீர், அதைத் துடிக்க வைக்க ஒரு சிறிய பம்பு. மேல் அடுக்குத்தான் தோல். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டுகளை ஓரத்தில் வைத்தால் 1 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அதில் கூழை ஊற்றி மெல்லிய தாளாக எடுத்தேன். முதல் ஏழு தாள் கிழிந்தன. தகட்டை முன்கூட்டியே வெந்நீரில் சூடாக்கி வைத்தபின் எட்டாவது முழுதாக வந்தது.

எல்இடி விளக்குகள், ஒளி உணரி, அளவீடுகளைப் படிக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை எல்லாம் சிம் லிம் டவரில் வாங்கினேன். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். எந்தப் பாகமானாலும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று சனிக்கிழமை இரவில் கருகும்.

மேல் அடுக்கைக் கருக்க முதலில் கறுப்பு மையைத்தான் எடுத்தேன். மூன்று வாரம் அளந்தேன். அக்கா ஒரு நாள், "மைக்கும் மெலனினுக்கும் நிறம் ஒண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மெலனின்தான் தோலுக்குக் கருமை தரும் பொருள். எந்த நிற ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று கோடாகக் காட்டும் நிறமாலைமானியில் மையை வைத்துப் பார்த்தேன். பச்சையிலிருந்து அகச்சிவப்பு வரை கோடு ஏறக்குறையச் சமமாகக் கிடந்தது. மெலனினின் கோடு அப்படி இராது. பச்சைப் பக்கம் உயர்ந்து, சிவப்பைத் தாண்டத் தாண்டச் சரியும். கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த கோப்பி ஓ, பால் கலக்காத கறுப்புக் கோப்பி, என் கண்ணில் பட்டது. மறுநாள் உடனடிக் கோப்பித் தூளைக் கரைத்து அதே கருவியில் வைத்தேன். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்தது. அது மெலனின் ஆகிவிடாது, அகச்சிவப்பில் மெலனின் விழுங்கும் அளவுக்குக் கோப்பி விழுங்காது. ஆனாலும் மையைவிட எவ்வளவோ நெருக்கம். மூன்று வாரத் தரவை நான் எறியவில்லை. மைத் தாளும் கோப்பித் தாளும் அடுத்தடுத்து இருந்ததால்தான், கருமை என்பது ஒரே பொருள் இல்லை என்று அறிக்கையில் காட்ட முடிந்தது.

பம்பை நிறுத்திய பிறகும் வந்த அலை

ஆய்வில் நான் கற்ற மிகப் பெரிய பாடத்தை ஒரு விளக்குச் சுவிட்சு கற்றுக்கொடுத்தது. ஒரு செவ்வாய் மாலை, நான்கு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான, அழகான அலை திரையில் வந்தது. மூச்சு விடுவதைப் போலவே இருந்தது. மகிழ்ச்சியில் படம் எடுத்தேன். பிறகுதான் உறைத்தது: அகார் கூழ் எப்படி மூச்சு விடும்? பம்பை நிறுத்தினேன். அலை நிற்கவில்லை. குழாயைக் கழற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு அறை விளக்கை அணைத்தார். கோடு நேராயிற்று.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இருமுறை மினுங்கும். அதனால் அந்த அறையின் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. நானும் விநாடிக்குச் சரியாக 100 அளவீடு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கடிகாரமும் மயிரிழை பிசகியதால் ஒவ்வொரு முறையும் மினுக்கலின் சற்றே வேறு இடம் பதிவாகி, மெதுவான பொய் அலை உருவாகியிருந்தது. கறுப்புத் துணியால் மூடினேன், அளவீட்டை விநாடிக்கு 250 ஆக்கினேன். எல்இடியை அணைத்து ஒருமுறை, ஏற்றி ஒருமுறை அளந்து கழித்தேன். அன்றிலிருந்து எந்த அழகான அலை வந்தாலும் முதலில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கிறேன். நீங்களும் முதல் வாரத்திலேயே "ஒன்றும் இல்லாத" அளவீடு ஒன்றை எடுத்து வையுங்கள். பம்பு இல்லாமல், ஒளி இல்லாமல், கூழ் இல்லாமல்.

குறிப்பேடு இல்லாவிட்டால் இதெல்லாம் தொலைந்திருக்கும். பேனாவால், தேதியோடு, அடித்தாலும் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து எழுதுங்கள். அன்றைய அறை வெப்பம், பாலின் பெயர், எந்தத் தாள் கிழிந்தது என்பதுவரை எழுதுங்கள். அலை வந்த செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் "விளக்கு எரிகிறது" என்று நான் தற்செயலாக எழுதியிருந்ததால், அதற்கு முந்தைய எந்தெந்த நாள் தரவு கெட்டது என்று பிரித்தெடுக்க முடிந்தது.

வழிகாட்டியோடு பழகுவது

பேராசிரியரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பார்ப்பீர்கள். அந்த அரை மணியில் ஒரே ஒரு வரைபடம் காட்டுங்கள், அச்சுகளுக்குப் பெயரும் அலகும் எழுதி. தினமும் கூட இருப்பவர் ஆய்வு மாணவரோ உதவியாளரோதான். அவருக்கும் சொந்த வேலையும் காலக்கெடுவும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்காவுக்கு மூன்று வரி அனுப்புவேன்: என்ன செய்தேன், எங்கே நின்றுவிட்டது, திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறேன். நின்றுவிட்ட இடத்தை மறைத்த வாரங்களில்தான் எனக்குப் பொழுது வீணாயிற்று. கருவி உடைந்தால் அன்றே சொல்லுங்கள். பாதுகாப்புப் பயிற்சி முடியாமல் எதையும் தொடாதீர்கள். மூடிய காலணி, கட்டிய முடி, கையுறையோடு கதவுப்பிடியைத் தொடாத பழக்கம். குளிர்சாதன அறையில் ஆறு மணி நேரம் இருக்கவேண்டி வரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.

முடிவு சின்னதாக இருந்தால்

என் முடிவு இது. மேல் அடுக்கு வெளுப்பாக இருந்தபோது பச்சை ஒளியில் மொத்த அளவு 600, துடிப்பு 6. விகிதம் நூற்றுக்கு ஒன்று. கோப்பி கூடக் கூட மொத்தம் 90க்கு இறங்கியது. விகிதம் மாறாமலிருந்தால் துடிப்பு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் ஆர்டுயினோ முழு எண்ணில்தான் எண்ணும். இயற்கை விகிதத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாலும் என் மலிவான கருவிக்கு அதைப் படிக்கக் கண் போதவில்லை. அகச்சிவப்பில் அந்தச் சிக்கல் வரவேயில்லை. ஆக, என் கருவியில் பிழை தோலின் கறுப்பிலிருந்து நேராக வரவில்லை. கறுப்பைக் கணக்கில் கொள்ளாமல் செய்த மின்சுற்றிலிருந்து வந்தது. இதை எழுதி முடித்த இரவு நான் பாட்டியை எழுப்பிச் சொன்னேன். "அப்போ விரலு மேல தப்பு இல்லையே" என்றார்.

அறிக்கையிலும் சுவரொட்டியிலும் இதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு நடுவர் என்னிடம், "இதை மருத்துவமனைக் கருவிக்குச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "முடியாது, ஓர் அகார் மாதிரி, ஓர் ஆர்டுயினோ, இவற்றுக்கு மட்டும்தான்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பத்து நிமிடமும் அகார் தாள் எடுக்கும் முறையையே கேட்டுக்கொண்டிருந்தார். கல்வி அமைச்சும், ஏ ஸ்டார் என்ற அரசாங்க ஆய்வு அமைப்பும், அறிவியல் நிலையமும் நடத்தும் சிங்கப்பூர் அறிவியல், பொறியியல் கண்காட்சிக்குப் போக நினைப்பவர்கள், ஒப்புதல் படிவங்களை ஆய்வு தொடங்குமுன்பே நிரப்பி வையுங்கள். முடிந்தபின் தேதி போட முடியாது.

கடைசி வாரத்தைப் புதிய அளவீட்டுக்குச் செலவிடாதீர்கள், ஒப்படைப்புக்கு வையுங்கள். தரவுக் கோப்புகளுக்குத் தேதியோடு பெயர், ஒவ்வொரு நிரல் வரிக்கும் ஒரு விளக்கம், கெட்ட தரவுக்குத் தனி உறை. என் பம்பும் விளக்குகளும் அடங்கிய கருவிப் பெட்டியை இப்போது பழைய கல்லூரியின் ஒரு தங்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம், பம்பு இணைப்பு ஒழுகுகிறது என்று செய்தி அனுப்பினாள். பெட்டி மூடியின் உட்புறம் பார்க்கச் சொன்னேன். குழாயை நுனியில் சுற்றி இறுக்க நான்கு பிளாஸ்டிக் பட்டைகளை அங்கே ஒட்டி வைத்திருக்கிறேன்.